எஃப்.சி-150க்கு டீசல் எஞ்சின் போட்ட பட்டறை

அப்பா ஏலக்காய் மூட்டை ஏற்றிய மஹிந்திரா எஃப்.சி-150 பிக்கப் பதினோரு வருடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பெயரிலேயே எஃப்.சி. உண்டு, வண்டிக்குத்தான் எஃப்.சி. இல்லை. தட்டை மூஞ்சி. எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே தகரப் பெட்டிக்குள் இருக்கும். பழைய 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் போடிமெட்டு ஏற்றத்தில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். அதைக் கழற்றிவிட்டு 2.1 லிட்டர் பூஜோ வகை டீசல் போட, தேனிப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதலில் நல்லது. பழைய மூன்று கியர் பெட்டியை அப்படியே வைத்து, எஞ்சினோடு சேர்க்க லேத்தில் ஒரு பிளேட் கடைந்தார்கள். மையம் கொஞ்சம் தப்பினாலும் கிளட்ச் அதிரும், கியர் பெட்டித் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் சீக்கிரம் போய்விடும். மேஸ்திரி டயல் கேஜை வைத்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதல் பிளேட்டை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கடையச் சொன்னார். அதற்குக் காசு கேட்கவில்லை. முன் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்ததும் நான் கேட்காமலே செய்த வேலை.

எஞ்சினைத் தாண்டிய வேலையில்தான் அலட்சியம். வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது! டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் கேபிளே மாட்டவில்லை. போன் செய்தால், "தம்பி, டாப் கியரப் போட்டு பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு கிளட்ச்ச விடுங்க, நின்னுரும்" என்றார் மேஸ்திரி. நின்றது, ஆனால் என் நெஞ்சும் கூடவே நின்றது. டேங்கைச் சரியாகக் கழுவவும் இல்லை. போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் துரு ஃபில்டரை அடைத்து, மழையில் நின்று டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்தேன்.

ஆறு வாரம் என்றது ஐந்து மாதம் ஆனது. மொத்தம் 2,10,000 ரூபாய். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. நானே விசாரித்து வாங்கினேன். பட்டறையில் கேட்டால் "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்கிறான் பையன்.

இப்போது 10, 11 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆக்சில் பழைய 5.38 விகிதம்தான் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதை ஓட்டும் தண்டு 5.38 சுற்று சுற்றும்), அதனால் அறுபதைத் தாண்டினால் எஞ்சின் கத்தல். தகரப் பெட்டிக்குள் ரப்பர் ஷீட் ஒட்ட 4,000 வாங்கினார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்தில் உட்காரும் மனைவியோடு சைகையில்தான் பேச்சு.

இதுபோன்ற பட்டறைக்குப் போகிறவர்கள் டேங்கை நீங்களே கழற்றிக் கழுவிக் கொடுங்கள். ஸ்டாப் கேபிளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எண்ணுங்கள்.