வெனிஸில் தங்குவதா, மெஸ்த்ரேயில் தங்குவதா?

வெனிஸ் போகத் திட்டமிடும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். காயல் நடுவே இருக்கும் பழைய நகரத்திலேயே அறை எடுப்பதா, பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் எடுப்பதா? வாடகையை மட்டும் பார்த்தால் மெஸ்த்ரேதான் ஜெயிக்கும். அதே பணத்துக்கு அங்கே பெரிய அறை, லிஃப்ட், சில இடங்களில் கார் நிறுத்தமும் கிடைக்கும்.

போக்குவரத்தும் சிரமமில்லை. மெஸ்த்ரேயிலிருந்து சாண்டா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம், கட்டணம் ஒன்றரை யூரோ அளவில்தான். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இரண்டு நிலையங்களின் பெயரும் 'வெனேசியா' என்றே தொடங்கும். பழைய நகரம் இருக்கும் தீவுக்குப் போக வேண்டியவர்கள் சாண்டா லூசியாவில்தான் இறங்க வேண்டும். மெஸ்த்ரேயில் அறை எடுத்தால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். தள்ளி எடுத்தால் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

இவ்வளவு வசதி இருந்தும், இரண்டு இரவாவது கையில் இருப்பவர்களுக்கு நான் தீவைத்தான் சொல்வேன். பகலில் சான் மார்க்கோ சதுக்கமும் ரியால்டோ பாலமும் ஒருநாள் பயணிகளால் நிரம்பி வழியும். சாயங்காலம் அவர்கள் ரயிலுக்கும் பேருந்துக்கும் திரும்பிய பிறகு சந்துகள் காலியாகிவிடும். சிறு மதுக்கடைகளில் ஊர்க்காரர்கள் நின்றபடி 'சிக்கெத்தி' எனும் சிறு தின்பண்டங்களைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்குச் சதுக்கத்தை நிதானமாகச் சுற்றி வரலாம். ரியால்டோ மீன் சந்தையையும் காலையிலேயே பார்க்க வேண்டும் (ஞாயிறும் திங்களும் மீன் கிடையாது). தீவில் கூடுதல் வாடகை கொடுப்பது இந்த இரண்டு வேளைக்காகத்தான். மெஸ்த்ரேயில் தங்குபவர்களும் சீக்கிரம் வரலாம், தாமதமாகத் திரும்பலாம். ஆனால் நாள் முழுக்க நடந்து களைத்த பிறகு கடைசி ரயில் எப்போது என்ற நினைப்பே வந்துவிடும்.

தீவில் தங்குவதில் பெரிய தொல்லை பெட்டிதான். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். வீட்டு எண்களும் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஓடுவதால் முகவரியை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். எனவே முன்பதிவுக்கு முன் விடுதிக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம் ஏற வேண்டும்? நிலையத்தை ஒட்டிய கன்னரேஜியோ பகுதி இதற்கு நல்ல தேர்வு. வாடகை சான் மார்க்கோ அளவுக்கு ஏறாது, குடியிருப்புகளும் அதிகம். கிழக்கே காஸ்தெல்லோவும் அமைதியான இடம், ஆனால் நிலையத்திலிருந்து தூரம்.

வாபொரெட்டோ எனும் நீர்ப்பேருந்துக்கு ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25 யூரோ. ஆக ஒரே நாளில் மூன்று தடவை ஏறினாலே பாஸ் லாபம். அதே பாஸ் மெஸ்த்ரே பேருந்துக்கும் டிராமுக்கும் செல்லும், ரயிலுக்குச் செல்லாது. சும்மா கிராண்ட் கால்வாயின் மறுகரைக்குப் போக மட்டும் பாஸ் வேண்டாம். 'திராகெத்தோ' எனும் பொதுப் படகில் இரண்டு யூரோ கொடுத்தால் போதும்.

2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தை வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டாம். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. எனவே இரண்டில் எந்த இடத்தில் இரவு தங்கினாலும் விலக்கு உண்டு. இணையத்தில் பதிவு செய்து அதற்கான கியூஆர் குறியீட்டை மட்டும் கையில் வைத்திருக்க வேண்டும். பக்கத்து ஊர்களான பதுவாவிலோ திரெவிசோவிலோ தங்கி வருபவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்நீர் ஏறும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 2020 அக்டோபர் முதல் 'மோசே' தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளத்தைத் தடுத்துவிடுகின்றன. தாழ்வான சான் மார்க்கோவில் மட்டும் எப்போதாவது கால் நனையலாம்.

இரவு தாமதமாக வந்து, மறுநாள் ஒரு பகல் சுற்றிவிட்டுக் கிளம்புபவர்களுக்கு மெஸ்த்ரேதான் சரி. சிறு குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர்களுக்கும் அப்படியே. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு சில நாள் தங்குவதானால் லீடோ தீவையும் பாருங்கள். அங்கே சாலையும் பேருந்தும் உண்டு, சான் மார்க்கோ பக்கத்துக்குப் படகில் கால் மணி நேரம்தான்.