அட்வென்ச்சர் டைம்: விளையாட்டு வினையான பத்து சீசன்கள்

கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2010 ஏப்ரல் 5 அன்று தொடங்கி 2018 செப்டம்பர் 3 அன்று முடிந்த தொடர் 'அட்வென்ச்சர் டைம்'. பத்து சீசன்; ஒரு எபிசோடு 11 நிமிடம். பன்னிரண்டு வயது ஃபின், நினைத்த வடிவத்துக்கு உடம்பை நீட்டிச் சுருக்கும் நாய் ஜேக், மிட்டாயால் ஆன குடிமக்கள், இளவரசிகளைக் கடத்திக்கொண்டு போகும் ஐஸ் கிங். முதல் பத்து எபிசோடு மட்டும் பார்த்தவர்கள் இதைச் சின்னப் பிள்ளைகளின் கூத்து என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். முழுக்கப் பார்த்தவர்களோ "போகப் போக ரொம்ப இருட்டாகிவிட்டது" என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. பிள்ளைகளோடு முதலிலிருந்து பார்க்க உட்காருகிறவர்களுக்கு எது எங்கே வருகிறது, எங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இது. கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது; அது பிடிக்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் ஒளிபரப்பான எபிசோடு 'ஸ்லம்பர் பார்ட்டி பேனிக்'. இளவரசி பபிள்கம் ஆய்வகத்தில் ஒரு மருந்து தயாரிக்கிறாள். எதற்கு? செத்துப்போன மிட்டாய்க் குடிமக்களை எழுப்ப. பிணங்கள் எழுந்து நடக்கின்றன, அவள் அதை மக்களிடம் மறைக்கிறாள், ஃபினிடம் சத்தியம் வாங்குகிறாள். எல்லாம் சிரிப்புக்காக. ஆனால் தன் குடிமக்களைத் தானே படைத்து, தானே காத்து, அவர்களிடம் எதையும் சொல்லாமல் ஆளும் ஒருத்தியின் குணம் அந்த 11 நிமிடத்திலேயே இருக்கிறது. ஆறாம் சீசனில் 'தி கூலர்' வரும்போது அவள் உதவி செய்ய வந்ததுபோல் நெருப்பு ராஜ்ஜியத்துக்குள் போய், அங்கே உறங்கும் ராட்சத ஆயுதங்களை ரகசியமாகக் குளிரவைத்துச் செயலிழக்கச் செய்வாள். புதிதாக எதையும் அவளிடம் ஒட்டவைக்கவில்லை. சிரித்துவிட்டுக் கடந்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தொடர் வேலை செய்யும் விதமே இதுதான். பெரிய திட்டம் எதையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு இவர்கள் தொடங்கவில்லை. முதல் சீசனில் 'பிசினஸ் டைம்' என்று ஒரு எபிசோடு: ஏரியில் மிதந்து வரும் பனிப்பாறைக்குள் கோட்டும் டையும் அணிந்த அலுவலகக்காரர்கள் உறைந்து கிடக்கிறார்கள். அது ஒரு நகைச்சுவைத் துணுக்கு. அதற்குப் பிறகுதான் இந்த உலகம் நம் உலகம் அழிந்தபின் மிஞ்சியது என்பது உறுதியானது என்றும், அந்தப் போக்கிலேயே ஓடிவிட்டோம் என்றும் தொடரை உருவாக்கிய பெண்டில்டன் வார்டு சொல்லியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காளான் போர், விண்வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பெயர்ந்துபோன பூமி, எல்லாம் அந்த விளையாட்டின் வினை.

நத்தையையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு எபிசோடிலும் பின்னணியில் எங்காவது ஒரு நத்தை கையசைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைத் தேடுவதையே ஒரு ஆட்டமாக வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் சீசனின் 'மார்ட்டல் ரீகாயில்' முடிவில், எல்லா உயிரையும் அழிக்கத் துடிக்கும் லிச் அந்த நத்தைக்குள் புகுந்துவிடுகிறான். அதற்குப் பிறகு நத்தை கையசைத்தால் யாருக்கும் சிரிப்பு வராது. இதைவிடச் சிக்கனமாக ஒரு கார்ட்டூன் பயமுறுத்தி நான் பார்த்ததில்லை. லிச்சுக்குக் குரல் ரான் பெர்ல்மன். உரக்கக்கூட அல்ல, நிதானமாகப் பேசும் குரல். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'மார்ட்டல் ஃபாலி', 'மார்ட்டல் ரீகாயில்' இரண்டையும் இரவு தூங்கும் நேரத்தில் போட வேண்டாம்.

ஆனால் இந்தத் தொடரின் முதுகெலும்பு லிச் அல்ல, ஐஸ் கிங். முதல் இரண்டு சீசனில் அவன் வெறும் கோமாளி வில்லன். நீண்ட மூக்கு, தாடி, குந்தர் என்று ஒரு பென்குயின். இளவரசிகளைத் தூக்கிப்போய்க் கூண்டில் அடைப்பான், ஃபினிடம் அடி வாங்குவான். ஏன் இளவரசிகளையே கடத்துகிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வில்லன் என்றால் அப்படித்தானே? 2011 டிசம்பரில் வந்த இரண்டு பகுதி எபிசோடு 'ஹாலி ஜாலி சீக்ரெட்ஸ்'. ஐஸ் கிங் தூக்கிப்போட்ட வீடியோ கேசட்டுகளை ஃபினும் ஜேக்கும் எடுத்துவந்து போட்டுப் பார்க்கிறார்கள். கேசட் கேசட்டாக உருப்படாத உளறல். பிள்ளைகள் நெளிவார்கள், பெரியவர்கள் ஓட்டிவிடலாமா என்று ரிமோட்டைத் தேடுவார்கள். ஓட்டக் கூடாது, ஏனென்றால் கடைசி கேசட்டில் வருவது வேறு ஆள். கண்ணாடி போட்ட, மரியாதையாகப் பேசும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் சைமன் பெட்ரிகோவ். ஸ்காண்டிநேவியாவின் வடக்கே ஒரு துறைமுகத் தொழிலாளியிடம் பழைய கிரீடம் ஒன்றை வாங்குகிறார். தான் மணக்கப்போகும் பெட்டியைச் சிரிக்கவைக்க அதைத் தலையில் வைக்கிறார். நினைவு தப்புகிறது; தெளியும்போது பெட்டி அருவருப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்; பிறகு போய்விடுகிறாள். கிரீடம் அவரை மெல்ல மெல்லத் தின்கிறது. பெட்டியை அவர் செல்லமாக அழைத்த பெயர், 'இளவரசி'.

அதுவரை பார்த்த கடத்தல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அர்த்தம் மாறிவிடுகிறது. பெயர் மறந்து, முகம் மறந்து, தேட வேண்டும் என்பது மட்டும் மறக்காத ஒரு மனிதன். மறதி நோய் வந்த தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீடுகளில் இந்த எபிசோடு வேறு மாதிரி இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'ஐ ரிமெம்பர் யூ'. ரெபெக்கா சுகரும் கோல் சான்செஸும் ஸ்டோரிபோர்டு செய்தது, அதாவது காட்சி காட்சியாக வரைந்து எழுதியது. இளவரசிகளை மயக்கப் பாட்டு எழுதித் தரச்சொல்லி, ஒரு கட்டுக் காகிதத்தோடு ரத்தக்காட்டேரி மார்சலினின் வீட்டுக்கு வருகிறான் ஐஸ் கிங். பாட்டு வரிகள் என்று நினைத்து அவன் கொண்டுவந்த காகிதங்களுக்கு இடையே சைமன் புத்தி தடுமாறுவதற்கு முன் எழுதிவைத்த குறிப்புகள் கிடக்கின்றன. எழுதியது இந்த மார்சலினுக்குத்தான். போரில் உலகம் எரிந்தபின் தனியாக நின்ற சிறுமியை எடுத்து வளர்த்தவர் அவர். உன்னை மறந்துவிடப் போகிறேன், மன்னித்துவிடு என்பதுதான் சாரம். அதை அவள் பாட்டாகப் பாடுகிறாள். அவனும் கூடவே பாடுகிறான். அவள் அழுகிறாள், அவனுக்கோ அது வெறும் மெட்டு. கடைசியில் வசனமே இல்லாத சில நொடிகள்: இடிந்த தெரு, அழும் குழந்தை, கடையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துவந்து கொடுத்துக் கண்ணீரைத் துடைக்கும் சைமன். வில்லன் திருந்தவும் இல்லை, குணமாகவும் இல்லை. அடுத்த எபிசோடிலும் அவன் அதே கோமாளிதான், ஆனால் ஃபின் அவனை அடிக்கும்போது நமக்குக் கை கூசும்.

2013 மார்ச்சில் வந்த 'சைமன் அண்ட் மார்சி' அந்தக் கடந்த காலத்தை நேரில் காட்டுகிறது. ஏழு வயதுச் சிறுமிக்குக் காய்ச்சல்; பாழடைந்த ஊரில் கோழி சூப் டப்பா தேடி அலைகிறார்கள். அவளைக் காப்பாற்றக் கிரீடத்தை அணிய வேண்டும், அணிந்தால் அவர் கொஞ்சம் தொலைவார். இதையும் பெட்டி திரும்பி வரும் 'பெட்டி' எபிசோடையும், கிரீடம் எப்படி உருவானது என்று சொல்லும் ஆறாம் சீசனின் 'எவர்கிரீன்' எபிசோடையும் இதே வரிசையில் பார்த்தால் ஐஸ் கிங்கின் கதை பெருமளவு புரிந்துவிடும். முழுத் தொடருக்கும் நேரமில்லாதவர்கள் இந்த ஆறு பகுதிகளை மட்டும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் முதல் சீசனிலிருந்து ஐஸ் கிங் அடி வாங்கும் எபிசோடு நாலைந்தாவது பார்த்திருக்க வேண்டும். அவனைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்காதவர்களுக்கு 'ஐ ரிமெம்பர் யூ' நல்ல பாட்டு ஒன்று, அவ்வளவுதான். இணையத்தில் அந்த எபிசோடின் துண்டை மட்டும் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு எபிசோடு உச்சத்தில் இருக்கும், அடுத்தது தலையும் வாலும் இல்லாமல் இருக்கும். காரணம் தயாரிப்பு முறை. எழுத்தாளர் குழு சுருக்கமான கதைக்குறிப்பை மட்டுமே தரும். ஒரு எபிசோடுக்கு இரண்டு ஸ்டோரிபோர்டு கலைஞர்கள். வசனம், நடிப்பு, நகைச்சுவை எல்லாம் அந்த ஜோடி வரைந்துகொண்டே எழுதுவது. ஜோடி மாறினால் தொனி மாறும். டைட்டில் முடிந்ததும் திரையில் வரும் ஸ்டோரிபோர்டு பெயர்களைக் கவனிக்கப் பழகினால், எது மனதைப் பிசையப் போகிறது, எது வெறும் கிறுக்கு என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஃபினுக்கு வயது ஏறுவதும் முக்கியம். கார்ட்டூன் பிள்ளைகள் பொதுவாக வளர்வதில்லை. இங்கே குரல் கொடுத்த ஜெரமி ஷாடா வளர வளர ஃபினையும் வளர விட்டார்கள். குரல் உடைவது காதில் கேட்கும். பன்னிரண்டில் தொடங்கியவன் பதினேழில் முடிக்கிறான். ஐந்தாம் சீசனில் காதலியை ஏமாற்றி அதனாலேயே இழக்கிறான் ('ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்'). ஆறாம் சீசனின் தொடக்கத்தில் தேடிக் கண்டுபிடித்த அப்பா மார்ட்டின் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தப்பி ஓடுகிறார். பிடித்து நிறுத்தப் போனதில் ஃபினின் வலது கை பிய்ந்துவிடுகிறது. கை போவதற்கான தடயங்களை முன்பே தூவியிருந்தார்கள்: மாற்று உலகத்து ஃபினுக்கு இயந்திரக் கை, 'தி வால்ட்' எபிசோடில் ஃபினின் முற்பிறவியான பெண்ணுக்கும் ஒரு கை கிடையாது. கம்ப்யூட்டர் வாங்க அவளுடைய பெற்றோர் அதை விற்றுவிட்டார்களாம்! அப்பா கைவிட்ட ஆத்திரத்தை 'தி டவர்' நேராகவே பேசுகிறது: வானம்வரை கோபுரம் கட்டி ஏறி, அப்பாவின் கையைப் பிடுங்க வேண்டும் என்பதுதான் பையனின் திட்டம். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் கூடவே உட்கார்ந்திருப்பது நல்லது.

பிள்ளைகளை அதிகம் கலங்கவைப்பது நாம் எதிர்பார்க்கும் இடமாக இருக்காது. சைமனின் சோகம் பெரும்பாலும் பெரியவர்களைத்தான் தாக்குகிறது. 'பூஹாய்' எபிசோடில் ஃபின் தலையணை உலகில் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கிழவனாகிச் செத்து, விழித்ததும் மறந்துபோவான். சின்னவர்கள் அதை வேடிக்கையான கனவாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குத் தூக்கம் கெடுவது லெமன்கிராபால். பபிள்கம்மின் சோதனை தவறிப் பிறந்தவன், ஓயாமல் அலறுகிறவன். ஐந்தாம் சீசனின் 'டூ ஓல்ட்' எபிசோடில் ஒரு லெமன்கிராப் தன் உடன்பிறப்பையே தின்பான். பத்து வயதுக்குக் கீழ் என்றால் அதைத் தாண்டிவிடலாம், கதை புரியாமல் போகாது.

என் கணக்கில் முதல் இரண்டு சீசன் ஆறு வயதிலிருந்து சரி, மூன்றும் நான்கும் எட்டு வயதுக்கு மேல், ஐந்தாம் சீசன் தொடங்கிப் பத்து பதினொரு வயதுக்கு மேல். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். நாளுக்கு மூன்று எபிசோடு போதும். நான்காவது தொடங்கும்போது 11 நிமிடக் கதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். சீசன் எண்ணையும் நம்ப வேண்டாம். முதல் நான்கு சீசன் தலா 26 எபிசோடு, ஐந்தாவது மட்டும் 52. பிந்தைய சீசன்களின் பிரிப்பும் இடத்துக்கு இடம் மாறும். எபிசோடின் பெயரைத் தேடிப் பார்ப்பதே பத்திரம்.

தொய்வு எங்கே? ஆறாம் சீசனின் நடுப்பகுதியில். வார்டு ஐந்தாம் சீசனின்போதே தொடரை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகி, ஆடம் முட்டோ பொறுப்பேற்றிருந்தார். தனித்தனியாக நன்றாக இருக்கும் தத்துவ எபிசோடுகள் அடுத்தடுத்து வந்து கதையை நகரவிடாமல் நிறுத்துகின்றன. பிள்ளைகள் எழுந்து போவதும் இங்கேதான். 2015 நவம்பரில் வந்த எட்டுப் பகுதி 'ஸ்டேக்ஸ்', 2017 தொடக்கத்தில் வந்த எட்டுப் பகுதி 'ஐலண்ட்ஸ்' இரண்டும் அவர்களைத் திரும்ப உட்காரவைக்கும். மனிதர்கள் எங்கே போனார்கள், ஃபின் எப்படித் தனியானான் என்பதற்கு 'ஐலண்ட்ஸ்' பதில் சொல்கிறது.

நிறைவு எபிசோடு 'கம் அலாங் வித் மீ' 44 நிமிடம், ஆனால் போதவில்லை. ஒரு சீசனாகக் கட்டிய போரைக் கனவு ஒன்றில் கலைத்துவிட்டு, அதற்கு முன் அரிதாகவே தலைகாட்டிய கோல்ப் என்ற சக்தியைக் கடைசி எதிரியாக இறக்குகிறார்கள். அவசரம் தெரிகிறது. சைமன் மீள்கிறார், அதற்கான விலையைப் பெட்டி கொடுக்கிறாள். அந்த ஒரு இழை மட்டும் அவசரமில்லாமல் முடிகிறது.

அதற்குப் பிறகு 2020 முதல் 2021 வரை வந்த நான்கு 'டிஸ்டன்ட் லேண்ட்ஸ்' சிறப்புப் படங்களில் 'டுகெதர் அகெய்ன்' சாவுக்குப் பிந்தைய கதை. தொடர் முழுக்கப் பார்த்தவர்களுக்கு மட்டும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'ஃபியோனா அண்ட் கேக்' வேறு வகை. மூன்றாம் சீசனில் ஐஸ் கிங் கற்பனையாக எழுதி வாசித்த விளையாட்டுக் கதையின் பாத்திரங்கள்தான் அதன் நாயகிகள். குணமான சைமன் வாழப் பிடிக்காமல் தவிப்பதுதான் அதன் மையம். மூலத் தொடரின் தரச்சான்று டிவி-பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்ப்பது), இதற்கு டிவி-14 (பதினான்கு வயதுக்குக் கீழ் ஏற்றதல்ல). பெயரும் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.