பெரிய அங்காடியா, சின்னக் கிளைகளா, மொத்தக் கிடங்கா?

வளரும் நாடுகளில் நவீன சில்லறை வணிகம் என்றதும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் நடக்கும் சண்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் பெரிய நிறுவனங்கள் கவிழ்ந்த கதைகளைப் பார்த்தால், பல நேரம் அவற்றைக் கவிழ்த்தது வாடகையும் சரக்கு வரத்தும் சப்ளையர் பாக்கியும்தான். களத்தில் இருக்கும் மூன்று வழிகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் ஹைப்பர்மார்க்கெட். பல்லாயிரம் பொருட்கள் ஒரே கூரைக்குக் கீழே. மொத்தமாக வாங்குவதால் கொள்முதல் மலிவு. காகிதத்தில் அழகான கணக்கு. அது பலிக்க, வாங்க வருபவருக்கு மாதச் சம்பளம் வேண்டும், வண்டி வேண்டும், வீட்டில் சேமித்து வைக்க இடமும் வேண்டும். நாள்கூலிக்காரர் அன்றைக்குத் தேவையானதைத்தான் வாங்குவார். பெரிய பாக்கெட் மலிவு என்பது அவருக்கும் தெரியும். கையில் அவ்வளவு காசு இருக்காது.

இதைவிட ஆபத்தானது கடனில் விரிவது. கடைக்கு வரும் காசு அன்றே கல்லாவில் விழுகிறது. சப்ளையருக்கோ பல வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். இடையில் கையில் புரளும் அந்தப் பணத்தில் புதுக் கிளை திறக்கலாம் என்ற ஆசை வரும். விற்பனை தளர்ந்த அன்றுதான் ஓட்டை தெரியும். கென்யாவின் நக்குமாட் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அண்டை நாடுகளையும் சேர்த்து 60-க்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருந்தது. பாக்கி ஏறியதும் சப்ளையர்கள் சரக்கை நிறுத்தினார்கள், அலமாரி காலியானது, கூட்டம் கலைந்தது. 2020-ல் கடன் கொடுத்தவர்களே நிறுவனத்தைக் கலைக்க வாக்களித்தார்கள்.

நைஜீரியாவில் ஷாப்ரைட் என்ற சூப்பர் மார்க்கெட் பட்டது வேறு பாடு. விற்பனை உள்ளூர் நைராவில், மால் வாடகையோ பல இடங்களில் டாலரில் பேசப்பட்டது. நைரா சரியச் சரிய, நல்ல கூட்டம் வந்தும் கணக்கு இடித்தது. 2005-ல் நுழைந்த தென்னாப்பிரிக்கத் தாய் நிறுவனம் 2021-ல் விற்றுவிட்டு வெளியேறியது.

சரி, சின்னக் கிளைகள்? துருக்கியின் பிம் 1995-ல் 21 கடைகளோடு தொடங்கியது. இன்று 10,000-ஐத் தாண்டிவிட்டது. அதன் கடைகளில் இருப்பது ஆயிரத்துக்கும் குறைவான பொருட்கள், அவற்றிலும் கணிசமானவை சொந்த பிராண்டு. வகை குறைவு என்பதால் ஒவ்வொரு பொருளிலும் கொள்முதல் அளவு பெரிது, பேரம் பேசும் பலமும் பெரிது. குடியிருப்புக்கு நடுவே கடை, மால் வாடகை கிடையாது. இந்தோனேசியாவில் ஜயன்ட் ஹைப்பர்மார்க்கெட்டுகள் 2021-ல் மூடப்பட்டன. அதே நாட்டில் இண்டோமாரெட், அல்ஃபாமார்ட் என்ற மினிமார்ட்டுகள் தலா 20,000 கடைகளுக்கு மேல் நடத்துகின்றன.

இதிலும் சிக்கல் உண்டு. சின்னக் கடையில் பின்னறை இருப்பு இல்லை. லாரி ஒரு நாள் வராவிட்டால் அலமாரி பல்லிளிக்கும். அதனால் விநியோகக் கிடங்கு கட்டாயம். அதைச் சுற்றிப் போதுமான கடைகள் சேரும்வரை நஷ்டம்தான். அப்புறம், தெரிந்த முகத்துக்குக் கடன் எழுதும் வசதியை இவை தர முடியாது. மெக்சிகோவின் ஆக்ஸோ என்ற சின்னக் கடை நிறுவனம் பில் கட்டுவது, வங்கிக் கணக்கில் பணம் போடுவது போன்ற சேவைகளைக் கல்லாவிலேயே வைத்து மக்களை வேறு வழியில் இழுத்தது. நல்ல யோசனை.

மூன்றாவது, கடைக்காரருக்கே விற்கும் மொத்தக் கிடங்கு. சட்டம் சில்லறையில் வெளிநாட்டு முதலீட்டைத் தடுக்கும் இடத்தில் இதுதான் நுழைவாயில். இந்தியாவில் ஜெர்மன் நிறுவனமான மெட்ரோ 2003-ல் இப்படித்தான் வந்தது. 2023-ல் ரிலையன்ஸிடம் கைமாறியது. அதே வழியில் வந்த பிரெஞ்சு நிறுவனமான கார்ஃபூர் 2014-லேயே 5 கிடங்குகளையும் மூடிவிட்டுப் போனது. டிஸ்ட்ரிபியூட்டர் கடை வாசலுக்கே வந்து கடனுக்குச் சரக்கு இறக்கும்போது, கடையைப் பூட்டிவிட்டு ரொக்கத்தோடு கிடங்குக்குப் போக எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்? டெலிவரியும் கடனும் கொடுத்தால் வருவார்கள். ஏற்கெனவே மெலிந்த லாபம் அதில் கரையும்.

என் ஓட்டு சின்னக் கிளைகளுக்கு, அதுவும் கிடங்கை முதலில் கட்டிவிட்டுக் கடையைத் திறப்பவர்களுக்கு. சட்டம் அதற்கு இடம் கொடுக்காத நாட்டில் மட்டுமே மொத்தக் கிடங்கைப் பற்றி யோசிப்பேன், அதையும் வாடகை உள்ளூர்ப் பணத்தில் பேசி முடித்த பிறகு.