ஐரிஸ் டிமென்ட்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த பாடகி ஐரிஸ் டிமென்ட், பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. வீட்டு நினைவுகளைப் பாட இவரை மிஞ்ச, அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான கன்ட்ரி-ஃபோக்கில் ஆள் குறைவு.

'இன்ஃபேமஸ் ஏஞ்சல்' (1992) அம்மாவின் ஆல்பம். 'மாமாஸ் ஆப்ரி' பாட்டில் கொடியில் துணி காயப்போட்டபடியே பாடுகிறார் அம்மா. கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடை ஏறுவது அவரது பழைய கனவு. கடைசிப் பாட்டான 'ஹையர் கிரவுண்ட்'டில் முன்னின்று பாடுவது நிஜ அம்மாவேதான். பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அல்ல, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்கும் குரல். அதனால்தான் அவ்வளவு உண்மையாக இருக்கிறது.

'மை லைஃப்' (1994) அப்பாவுக்குச் சமர்ப்பணம். 'நோ டைம் டு க்ரை'யில், அப்பாவை அடக்கம் செய்த கையோடு மகள் டெட்ராய்ட் கச்சேரிக்கு விமானம் ஏறுகிறாள். வேலை, பொறுப்பு, வயது எல்லாம் சேர்ந்து துக்கத்தைத் தள்ளிப்போடுவதை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு அபூர்வம். பிரபல கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டும் இதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஜிம் ரூனிதான். வாத்தியங்கள் அடக்கமாக ஒலிக்க, குரல் முன்னால் நிற்கிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் 'மை லைஃப்' ஒரே தாளத்தில் இழுப்பதுபோலத் தோன்றும். வரிகளைக் கையில் வைத்துக் கேளுங்கள். கூர்மையான அந்தக் குரலுக்குக் காது பழக வேண்டுமென்றால் முதல் ஆல்பத்தின் 'அவர் டவுன்' போதும். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், 'மை லைஃப்'.