பார்வோனும் நினிவே ராஜாவும்

பைபிளில் வரும் இந்த இரண்டு பேருமே அரசர்கள்; பார்வோன் எகிப்துக்கு, மற்றவன் அசீரிய நகரமான நினிவேக்கு. இரண்டு பேருக்குமே கடவுளிடமிருந்து செய்தி வந்தது.

அடிமைகளாயிருந்த இஸ்ரவேல் ஜனங்களைப் போகவிடு என்று மோசே மூலம் வந்த செய்திக்கு, யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தில் பார்வோன் சொல்லும் பதில், "நான் கர்த்தரை அறியேன்." சரி, தெரியாதென்றால் விசாரித்திருக்கலாமே? விசாரிக்கவில்லை. அன்றைக்கே ஆணை போடுகிறான்: செங்கல்லுக்கு இனி வைக்கோல் கொடுக்காதீர்கள், ஆனால் கணக்கில் ஒரு கல்லும் குறையக் கூடாது. ஜனங்கள் தாளடி பொறுக்க அலைகிறார்கள். கணக்கு குறைந்ததும் அடி வாங்குவது இஸ்ரவேல் மேற்பார்வையாளர்கள். கடவுளைத் தள்ளிய வாய்தான் அடுத்த மூச்சில் ஏழையின் முதுகையும் உடைக்கிறது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு பதறும்.

அப்புறம் அது அறியாமையாகவும் நீடிக்கவில்லை. கடவுள் எகிப்தின்மேல் அனுப்பிய வாதைகளில் ஒன்றான கல்மழை பெய்தபோது "கர்த்தர் நீதியுள்ளவர்" என்று அவனே ஒத்துக்கொள்கிறான். மழை நின்றதும் மறுபடி மனதைக் கடினப்படுத்துகிறான். தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நினிவே ராஜாவுக்கு வாதைகள் எதுவும் காட்டப்படவில்லை. மனமில்லாமல் வந்த யோனா என்ற ஓர் அந்நியன், இன்னும் 40 நாளில் ஊர் அழியும் என்றான், அவ்வளவே. ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி, இரட்டு (சாக்குத்துணி) உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். உபவாசத்தோடு நிற்காமல், அவரவர் கையிலுள்ள கொடுமையை விடும்படியும் கட்டளையிட்டான். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நினிவே பின்னாளில் பழைய வழிக்கே போனதை நாகூம் புத்தகம் சொல்கிறது. ஆனால் யோனா கண்ட அந்தத் தலைமுறை தப்பித்தது.