கஜா சாய்த்த தோப்பில் நெட்டையா, குட்டையா?

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் காலையில் தென்னந்தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை. சில மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. சிலது நடுவில் முறிந்து, கொண்டை தனியாக வாய்க்காலில் கிடந்தது. திரும்ப நடும்போது எழுந்த கேள்வி இது: நெட்டைத் தென்னையா, குட்டைத் தென்னையா?

நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆனால் 60 வருஷம் தாண்டியும் நிற்கும். பருப்பு கனம், கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் அதுதான். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் சமாளிக்கும். உயரம்தான் வினை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர். காற்று கொண்டையைப் பிடித்து ஆட்டும்போது, மழையில் ஊறிய மண் பிடியை விட்டுவிடும்.

குட்டை மூன்று நான்கு வருஷத்தில் பாளை விடும். சாவக்காடு ஆரஞ்சு மாதிரி ரகம் இளநீருக்கென்றே பிறந்தது. மரமேற ஆள் தேடி அலைய வேண்டாம், அதுவே பாதி நிம்மதி. ஆனால் தண்ணீர் தவறக்கூடாது, ஆயுள் குறைவு, கொப்பரை சுமார். குட்டையைப் புயல் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் வயதானால் வளரத்தான் செய்யும்.

எதை வைத்தாலும் விழுந்த தண்டுகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். மட்கும் தண்டைப் பிளந்தால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். நாளைக்கு அதுதான் காண்டாமிருக வண்டாகி இளங்கன்றின் குருத்தைக் குடையும்.

என்னைக் கேட்டால், மோட்டார் கொட்டகைப் பக்கம் பத்து குட்டை, மீதியெல்லாம் நெட்டை.