பிரெஞ்சில் நாட்குறிப்பு: மனப்பாடமா, மொழிபெயர்ப்பா, சொந்தக் கதையா?

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் பிரெஞ்சு படிக்க உட்காருவார்கள். சிலர் ஓ.எல்.லுக்குப் பிரெஞ்சு எடுத்தவர்கள், சிலர் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையத்தில் டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்ச்சிப் பரீட்சை எழுதப்போகிறவர்கள். "உன் நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுது" என்ற கேள்வியைக் கண்டால் எல்லோருக்கும் ஒரே தலையிடி. இத்தனைக்கும் டெல்ஃப் ஏ2 மட்டத்தில் கேட்பது 60 சொல்தான். இரண்டு எழுத்துப் பயிற்சிக்கும் சேர்த்து 45 நிமிடம் தருகிறார்கள். ஓர் அனுபவத்தையோ நடந்த சம்பவத்தையோ சொல்வது அதில் ஒன்று. அவகாசம் தாராளம். என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது என்பதில்தான் பாதி நேரம் போய்விடுகிறது.

பிள்ளைகள் கையாளும் வழிகள் மூன்று. மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன், முதல் இரண்டை ஒரு காலத்தில் நானே கற்றும் கொடுத்திருக்கிறேன்.

முதலாவது, மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்குவது. டியூஷன் நோட்டில் இருக்கும் சுற்றுலாக் கதை ஒன்றை அப்படியே விழுங்கிவிட்டுப் போவார்கள். இதை ஒரேயடியாகத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. திகதியில் நாள் முன்னால், மாதம் பின்னால். மாதப் பெயருக்குப் பெரிய எழுத்து கிடையாது. தொடக்கத்தில் 'ஷேர் ஜுர்னால்' (அன்புள்ள நாட்குறிப்பே), முடிவில் 'ஆ துமேன்' (நாளை சந்திப்போம்). நாட்குறிப்போடு பேசும்போது 'து' (நீ)தான், 'வு' (நீங்கள்) போட்டு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சடங்குகள் பாடமாக இருந்தால் கை நடுங்காது.

சிக்கல் நடுப்பகுதியில்தான். போன வருடம் ஒரு பையன் அக்காவின் பழைய கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தான். எழுத்து அழகு, பிழையே இல்லாத மாதிரித்தான் இருந்தது. ஆனால் 'ஜ ஸ்வி அலே', அதாவது 'நான் போனேன்' என்ற இடத்தில் கடைசியில் ஓர் 'e' எழுத்து கூடுதலாக நின்றது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தாளில் அது பெண் பிள்ளை போனதாக அர்த்தம். நாலு வரி தள்ளி, சந்தோஷமாக இருந்ததைச் சொல்லும்போது 'கொன்தான்' என்று எழுதவேண்டிய பையன் 'கொன்தான்த்' என்று எழுதியிருந்தான். அது காதுக்கே கேட்கும். களைத்துப்போனதும் பெண்பாலில்தான். ஒரு பக்கம் முழுக்க அவன் அக்காதான் சுற்றுலா போயிருந்தாள். நாட்குறிப்பு 'நான்' என்று எழுதுவது. அந்த நான் ஆணா பெண்ணா என்று பிரெஞ்சு விடாமல் கேட்கும்.

அப்புறம் கேள்வி மாறினால் என்ன கதி? பசுவைப் பற்றிப் படித்துவிட்டுப் போனவன் தென்னையைப் பற்றிக் கேட்டதும் பசுவைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டிய கதைதான். 'உனக்கு மோசமாகக் கழிந்த ஒரு நாள்' என்று கேட்டிருக்க, முழுச் சுற்றுலாவையும் எழுதிக் கடைசியில் 'ஆனால் நாள் மோசம்' என்று ஒட்டவைத்த தாளையும் திருத்தியிருக்கிறேன்.

இரண்டாவது, தெரிந்த மொழியில் எழுதிவிட்டு அதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சாக்குவது. கொழும்புப் பிள்ளைகள் இதற்கு ஆங்கிலத்தைத்தான் எடுப்பார்கள். பல பெற்றோரும், ஆங்கிலம் பிரெஞ்சுக்குக் கிட்ட, தமிழ் தூரம் என்றே நினைக்கிறார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது சரிதான். காலத்துக்கு வந்தால் அப்படியில்லை.

பிரெஞ்சு நாட்குறிப்பின் உயிர் இரண்டு இறந்தகாலங்களில் இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு பாஸே கொம்போஸே, பின்னணியில் நடந்துகொண்டிருந்ததற்கும் வழக்கமாக நடந்ததற்கும் அம்பார்ஃபே. ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. 'சின்ன வயதில் காலிமுகத்திடலுக்குப் போனேன்' என்பதற்கும் 'போவேன்' என்பதற்கும் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒரே வினையைத்தான் போடும். தமிழ்ப் பிள்ளைக்கு அது தானாகவே வாயில் பிரிந்து வருகிறது. ஒரு நாள் போனால் 'போனேன்', வழக்கமாகப் போனால் 'போவேன்'. முதலாவது பாஸே கொம்போஸே, இரண்டாவது அம்பார்ஃபே. 'மழை பெய்தது' என்றால் 'இல் ஆ ப்ளு', 'மழை பெய்துகொண்டிருந்தது' என்றால் 'இல் ப்ளுவே'. இதை நான் கண்டுபிடித்தது பாடம் எடுக்கத் தொடங்கிப் பல வருடம் கழித்து, ஒரு பிள்ளை தமிழில் முணுமுணுத்துக்கொண்டே சரியான காலத்தை எழுதியதைக் கேட்ட பிறகு.

இன்னொன்று, பசி. ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை 'ஜேத்தே ஃபேன்' என்று எழுதும். பிரெஞ்சுக்காரர் காதில் அது 'நானே பசியாக இருந்தேன்' என்றுதான் விழும். அவர்களுக்குப் பசி ஒரு பெயர்ச்சொல், அது நம்மிடம் இருக்கும் ஒரு பொருள் மாதிரி: 'ஜாவே ஃபேன்'. தாகம், பயம், நித்திரை, குளிர் எல்லாம் இதே கூட்டம். 'எனக்குப் பசி, எனக்குப் பயம்' என்று பேசிப் பழகியவர்களுக்கு இது அந்நியமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கவலையும் நமக்குப் பெயர்ச்சொல்தான். அவர்களோ 'ஜேத்தே த்ரிஸ்த்' என்று பெயரடையைத்தான் போடுவார்கள்.

தமிழிலிருந்து அப்படியே மொழிபெயர்த்தால் விழும் அடி வேறு. 'எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, பாடசாலைக்குப் போனேன்' என்று எச்சங்களைக் கோத்து ஒரே ஒரு வினைமுற்றோடு நாம் முடித்துவிடுவோம். பிரெஞ்சில் ஒவ்வொரு வேலைக்கும் தனி முற்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித் துணைவினை வேண்டும். சாப்பிட்டதற்கு 'அவ்வார்' என்ற துணைவினை, போனதற்கு 'எத்ர்' என்ற துணைவினை. 'நான்' என்பதை வினையின் விகுதிக்குள் ஒளித்துவைப்பதும் நம் பழக்கம். அங்கே 'ஜ' இல்லாமல் வாக்கியம் நகராது. அதனால் பிள்ளைகளிடம் நான் சொல்வது: காலத்தைத் தமிழிடம் கேள், வாக்கியத்தைத் தமிழிடம் கேட்காதே.

எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே எழுதினால் பிழை குறையும் என்று சொல்லித்தருகிறவர்களும் உண்டு. பிழை குறையும், புள்ளியும் சேர்ந்து குறையும். இறந்தகாலம் வருகிறதா என்று பார்க்கத்தானே இப்படிக் கேட்கிறார்கள்.

நான் இப்போது நிற்பது மூன்றாவது வழியில்: தொடக்கமும் முடிவும் மட்டும் பாடம், நடுவில் சொந்த நாள். மாதிரிக் கட்டுரையில் எப்போதும் ஏதாவதொரு மலையும் பெயர் தெரியாத ஆறும் இருக்கும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றதை எழுதத் தேவையான சொற்கள் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு வரி பின்னணி அம்பார்ஃபேயில், நாலு சம்பவம் பாஸே கொம்போஸேயில், கடைசியில் நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி நமக்கு இலவசம். 'எழுதப் போகிறேன்' என்பதில் நாம் 'போ'வைத் துணைக்கு வைப்பதைப் போலவே அவர்களும் 'ஜ வே' என்று போவதற்கான வினையைத்தான் வைக்கிறார்கள். வழி மெதுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது என்று வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்ல வாய் வராது. அவருக்கு ஒரு மாதிரியைக் கொடுத்து, அதில் ஆண்பால் பெண்பாலை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்புவேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர் நடுவே இருந்துகொண்டு 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். நாம் தமிழர் நடுவே இருந்துகொண்டு பிரெஞ்சில் எழுதுகிறோம் என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னேன். "அவருக்கு 60 சொல் கணக்கு இருக்கவில்லையே மிஸ்" என்றாள் ஒருத்தி.

சொல் எண்ணும் வித்தையும் தெரிந்திருக்க வேண்டும். டெல்ஃபில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்பது ஒரு சொல். ஆகவே 'ஜே மான்ஜே' (j'ai mangé, நான் சாப்பிட்டேன்) இரண்டுதான், மூன்றில்லை. அறுபது என்று நினைத்து நிறுத்திய தாளில் ஐம்பத்துச் சொச்சம் இருக்கும்.

60 சொல் கணக்கைச் சொன்ன அதே பிள்ளை சென்ற கிழமை எழுதியதைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்ததாம், 100ஆம் இலக்கப் பஸ்ஸில் சரியான சனமாம், குடையைச் சீற்றிலேயே மறந்துவிட்டு இறங்கினாளாம், கவலையாக இருந்ததாம், நாளைக்கு அம்மாவிடம் சொல்லப்போகிறாளாம். காலம் எல்லாம் சரி. பேனையைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குடை ஆணா பெண்ணா மிஸ்?"

"ஆண். மழைதான் பெண்."

"மழை பெண்ணென்றால் குடையும் பெண்தானே?" என்று முணுமுணுத்துக்கொண்டே அழிறப்பரைத் தேடினாள்.